மருமகன் இல்லாத வரிசை

எனக்குப் புருஷன் உண்டு. இத்தாலியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நான் வீடு திரும்பும் நேரத்தில் அவர் குரல் மட்டும் போன் வழியாக வரும், கொஞ்ச நேரம் இருக்கும், போய்விடும். ஆனாலும் இங்கே எங்கள் ஊர் குமாசியில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. பாங்கில், சர்ச்சில், இழவு வீட்டில், எங்கே போனாலும் நான் புருஷன் உள்ளவள். டாக்டர் அச்சியாவுக்கு அப்படி ஒரு குரல்கூட இல்லை. அதனால் ஹாம்பர்க் நகரத்தில் வருடக்கணக்காகப் பல் டாக்டராக இருந்துவிட்டுச் சொந்த ஊருக்கு வந்தவளுக்கு இங்கே ஒரு வாடகை வீடு கிடைக்கவில்லை. இந்த நியாயத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

என் தொழில் நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலியும் பந்தலும் வாடகைக்கு விடுகிறேன். கல்யாணத்தை நம்பி இந்தத் தொழிலில் இறங்கினால் பட்டினிதான். எங்கள் பக்கத்தில் சோறு போடுவது சனிக்கிழமை இழவு. செத்தவரை ஐஸ் பெட்டியில் வாரக்கணக்கில் வைத்து, தேதி குறித்து, ஊரெல்லாம் சொல்லி, கறுப்பும் சிவப்பும் உடுத்தி, ஆயிரம் பேரை உட்கார வைத்து அனுப்பினால்தான் எங்கள் ஆட்களுக்கு மனசு ஆறும். அந்த ஆயிரம் பேரும் உட்காருவது என் நாற்காலியில். அதனால் யார் வீட்டு மானம் எப்படி நின்றது, எப்படிச் சாய்ந்தது என்று எனக்குத் தெரிந்த அளவு இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

அச்சியா என் வீட்டுக்கு வந்த அன்று மழை. காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து, வாசலில் நிறுத்தி, "மாடி காலின்னு சொன்னாங்க. நான் தனி ஆள். புருஷன் கிடையாது, வரப்போறதா தகவலும் கிடையாது. குடுப்பீங்களா, மாட்டீங்களா?" என்றாள். வணக்கம்கூட அப்புறம்தான்.

"எதுக்கும்மா இவ்வளவு கோவம்?" என்று கேட்டேன்.

"இதுக்கு முன்னால நாலு இடம் பாத்துட்டேன் அக்கா. முதல் ஆள் புருஷனைக் கூட்டிட்டு வான்னார். ரெண்டாவது ஆள் அப்பாவைக் கூட்டிட்டு வான்னார். மூணாவது ஆள், ராத்திரி யார் யார் வருவாங்கன்னு கேட்டார். நாலாவது ஆளு, வாடகையே வேண்டாம், நானே வர்றேன்னுட்டார்."

நான் சிரித்த சிரிப்பில் மாடியின் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? வெளிநாட்டுக்குப் போனவள் திரும்பி வந்தால் கண்டெய்னர் வர வேண்டும், அதற்குள் கார் வர வேண்டும், காருக்குள் ஒரு புருஷன் உட்கார்ந்திருக்க வேண்டும். இவள் பல் பிடுங்கும் நாற்காலி ஒன்றோடு வந்து இறங்கினாள். "விசா போச்சா? அனுப்பிட்டாங்களா?" என்று தெருவில் கெங்கி, சோள மாவு உருண்டை, விற்கிறவள்கூடக் கேட்டாள். "இல்ல, நானேதான் வந்தேன்" என்றால் யாரும் நம்பவில்லை. சொந்த ஊர் பிடித்துப் போய் ஒருத்தி திரும்பி வருவாள் என்பது எங்கள் ஆட்களுக்கே நம்பும்படியாக இல்லை. பாருங்கள், எங்கள் ஊரைப் பற்றி எங்களுக்கு எவ்வளவு நல்ல எண்ணம் என்று.

கிளினிக் கட்டினாள். மேஸ்திரி தினமும் வந்து, "சார் எங்கம்மா? சார் வந்தா பேசிக்கலாம்" என்பான். "சார் நான்தான், பேசு" என்பாள். சர்ச்சில் மணமாகாதோர் சங்கம் என்று ஒன்று உண்டு. அதில் சேர்த்தார்கள். அங்கே எல்லாருக்கும் இருபது, இருபத்திரண்டு வயது. இவளுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. நல்ல கணவன் கிடைக்க எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்தபோது, இவள் கண்ணைத் திறந்து பக்கத்தில் ஜெபித்துக்கொண்டிருந்த பெண்ணின் கடைவாய்ப் பல்லைப் பார்த்திருக்கிறாள். "நாளைக்கு வா, அடைச்சு விடறேன், சொத்தை" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதோடு சங்கம் போயிற்று.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவள் தனியாள் என்பது இடித்தது. அது ஃபுஃபு, வேகவைத்த கிழங்கை இடித்துச் செய்யும் களி. ஒருத்தர் உலக்கை போட, ஒருத்தர் உரலில் கையை விட்டுப் புரட்ட வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாத வேலை. ஜெர்மனியில் டப்பா மாவில் கிண்டித் தின்றாளாம். என் வீட்டில் அந்த மாவைப் பிரிக்கவே விடவில்லை. "உலக்கை நீ போடு, நான் புரட்டறேன்" என்றேன். பல் டாக்டர் கை, குறி தப்பவில்லை. அன்றிலிருந்து ஞாயிறு மத்தியானம் நாங்கள் இருவரும் சேர்ந்து இடித்துச் சேர்ந்து தின்றோம். என் புருஷன் போன் வந்தால், "இரு, கை மாவா இருக்கு" என்று வைத்துவிடுவேன்.

அவள் அம்மா பெயர் அஃப்ராக்கோமா; ஒரு மணி நேரத் தூரத்தில், மாம்பொங் என்ற ஊரில் இருந்தார். நாக்குக் கூர்மையான மனுஷி. ஊர்க்குழாயடியில் யாரோ அவரைக் குத்திப் பேசிவிட்டார்கள். "சின்னவளுக்கு மாப்பிள்ளை இருக்கான். பெரியவளுக்கு ஆளே இல்லையே, நாளைக்கு நீ செத்தா அவ பங்கு வரிசையை யாரு தூக்கிட்டு வருவா?" என்று. எங்கள் வழக்கம் அப்படி. மாமியார் செத்தால் மருமகன் வரிசை வைக்க வேண்டும். கோடித் துணி, போர்வை, தலையணை, சோப்பு, நார், வாசனைத் தைலம் எல்லாம் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்துப் பெண்கள் தலையில் சுமந்து வர, இன்னார் மருமகன் இன்னது கொண்டு வந்தார் என்று மைக்கில் சொல்லி, அதற்குப் பிறகுதான் சவப்பெட்டியை மூடுவார்கள். மூத்த மகளுடைய வரிசைதான் முதலில் இறங்கும். அது வராத வீட்டை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும்.

குழாயடியில் அஃப்ராக்கோமா அம்மா குடத்தைக் கீழே வைத்தாராம். "ஏன், என் பொண்ணுக்குத் தலை இல்லையா? அவளே தூக்கிட்டு வருவா" என்றாராம்.

ஊரே கேட்ட வார்த்தை அது. சொன்ன மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்துத் தேதி குறிக்கக் குடும்பம் கூடியது. பந்தல் என்னுடையது என்பதால் நானும் இருந்தேன். குடும்பத் தலைவர் துமாசி. அஃப்ராக்கோமா அம்மாவின் தம்பி, அச்சியாவுக்குத் தாய்மாமன். கம்பீரமான கிழவர். வார்த்தையை அழுத்தி அழுத்திப் பேசுவார். அழுத்திப் பேச முடிந்ததே அச்சியா கட்டிக் கொடுத்த பல்செட்டால்தான். அவள் வருவதற்கு முன்னால் அவர் பேசினால் முன்வரிசையில் இருப்பவர்கள் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"சின்னவ புருஷன் சார்ப்பொங் வரிசை வைக்கறான். பெரியவ பக்கம் வரிசை இல்லை. அடுத்த விஷயம்" என்றார்.

"மாமா, இருக்கு. நான் கொண்டு வர்றேன்" என்றாள் அச்சியா.

"நீ எப்படிம்மா கொண்டு வருவ? வரிசைன்னா வெளியிலேர்ந்து வரணும். நீ வீட்டுப் பொண்ணு. வீட்டுப் பொண்ணு குடுத்து வீடே வாங்கிக்கிறது வரிசையா? இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்கு மாத்துறது."

"அப்ப நான் அம்மாவுக்கு எடுத்து வச்சிருக்கற துணி?"

"குடும்பப் பங்கோட சேத்துடு. போகும். ஆனா உன் பேரை மைக்ல சொல்ல முடியாது."

"எங்கம்மா ஊருக்கு முன்னால ஒரு வார்த்தை சொன்னாங்க மாமா. அந்த வார்த்தை பொய்யாப் போயிடும்."

கிழவருக்கும் அக்காள் மேல் பாசம் இல்லாமல் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதுக்கும் ஒரு வழி இருக்கு. நம்ம போவாடு இருக்கான். கார் சாமான் கடை வச்சிருக்கானே, பெண்டாட்டி செத்தவன். நான் பேசிட்டேன். அன்னிக்கு ஒருநாள் வந்து மருமகன்னு நிப்பான். சாமான் நீ வாங்கு, பேரு அவன் பேரு. யாருக்கு நஷ்டம்?"

"ஒருநாள் புருஷனா?"

"பின்னாடி பிடிச்சிருந்தா வச்சுக்கோ."

சுற்றி இருந்த ஆம்பிளைகள் எல்லாம் சிரித்தார்கள். அச்சியாவும் சிரித்தாள், என் பக்கம் கையைக் காட்டினாள். "நாற்காலி வாடகைக்கு எடுத்தா சரி மாமா. மான்சா அக்கா கடையில ஆளும் கிடைக்குமான்னு நான் கேக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இந்த இடத்தில் என் கதையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். என் அம்மா இறந்தபோது என் புருஷன் வரவில்லை. லீவு இல்லை, டிக்கெட் இல்லை, என்னமோ இல்லை. துணி நான் எடுத்தேன். தாம்பாளம் நான் வாங்கினேன். அவருடைய சித்தப்பா மகன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். "இத்தாலி மருமகன் எப்படிச் செய்திருக்கிறார் பாருங்கள்!" என்று மைக்கில் அலறினார்கள். ஊரே கை தட்டியது. நான் பந்தலுக்கு ஓரமாக நின்று என் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆகவே அச்சியாவின் பிடிவாதம் எனக்கு அவளுடைய பிடிவாதமாக மட்டும் படவில்லை.

அடுத்த வாரம் போவாடு கிளினிக்குக்கு வந்தார். சட்டையில் கஞ்சி மொடமொடக்க, சென்ட் வாசனை அவருக்கு முன்னால் உள்ளே நுழைந்தது. போய்ப் பல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"எந்தப் பல்?" என்று அச்சியா கேட்டாள்.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டர். நம்ம விஷயமாப் பேசலாம்னு..."

"நம்மன்னு ஒரு விஷயம் இருக்கா?"

"நான் சும்மா நிக்கத்தானே போறேன். உங்களுக்கு ஒரு கௌரவம்."

"போவாடு அண்ணே, எங்கம்மாவை உங்களுக்குத் தெரியுமா? ஒரு தடவையாவது பேசியிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப எங்கம்மா மேல போடற துணிக்கு உங்க பேரு எதுக்கு? இறங்குங்க. வெளியில நிஜமாவே வலியோட ஒருத்தர் காத்துக்கிட்டிருக்காங்க."

மனுஷன் கெட்டவர் இல்லை. போகும்போது பல் துலக்குகிற பிரஷ் ஒன்று கொடுத்து அனுப்பினாள்.

இழவுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. மாம்பொங்கில் நான் பந்தல் போட்டுக்கொண்டிருந்தேன். வேலை மேற்பார்வை என்ற பெயரில் துமாசி கிழவர் சுட்ட சோளமும் தேங்காய்த் துண்டும் கொறித்தபடி நடமாடிக்கொண்டிருந்தார். திடீரென்று கைக்குட்டையால் வாயைப் பொத்தினார். முகம் வெளுத்துவிட்டது. பல்செட்டு நடுவில் இரண்டாக உடைந்து கையில் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அவர்தான் தரையில் மது ஊற்றி முன்னோர்களைக் கூப்பிட வேண்டும். பெயர் பெயராக, ஒரு பெயர் குழறாமல் கூப்பிட வேண்டும். குழறினால் முன்னோர்கள் வருவார்களோ மாட்டார்களோ, சார்ப்பொங் வீட்டு ஆட்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கிழவர் வீட்டுக்குள் இருந்த அச்சியா முன்னால் போய் நின்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"கார்ல ஏறுங்க மாமா" என்றாள்.

குமாசிக்கு ஒரு மணி நேரப் பயணம். இன்னும் நாற்காலி எடுத்துவர வேண்டியிருந்ததால் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். வழியில் போலீஸ் தடுப்பு. போலீஸ்காரன் ஓட்டுகிறவளை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த கிழவரிடம், "பெரியவரே, வண்டி உங்களோடதா?" என்று கேட்டான். கிழவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது. அச்சியாவைக் கையால் காட்டினார். நான் பார்த்து அவர் அவளுக்குக் கொடுத்த முதல் மரியாதை அது.

கிளினிக்கில் அவர் வெளியே உட்கார, அவள் உள்ளே உடைந்த துண்டுகளைச் சேர்த்துப் பொடியும் மருந்தும் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் போய் மெல்லக் காதைக் கடித்தேன்.

"ஏ டாக்டரே, கடவுளாப் பாத்துக் குடுத்த பல்லு இது. நாளைக்கு வரிசையை ஏத்துக்கறேன்னு தலையாட்டினாத்தான் வாயில வைப்பேன்னு சொல்லு. பேரம் பேசு."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "பல்லைக் காட்டி வாங்கினா அது அவர் வாயிலேர்ந்து வந்ததாகாது அக்கா. என் கைலேர்ந்து வந்ததாத்தான் ஆகும். எனக்கு அவர் வாயிலேர்ந்து வரணும்."

"வரலேன்னா?"

"வர்ற வரைக்கும் நிப்பேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு படித்துவிட்டுப் பிழைக்கத் தெரியாத பெண்ணாக இருக்கிறாளே என்று நினைத்தேன்.

பல்லை வைத்துக் கடித்துப் பார்க்கச் சொன்னாள். ஒரு இடத்தைத் தேய்த்தாள். மறுபடி வைத்தாள். கிழவர் வாயை மூடித் திறந்து, "மாம்பொங்" என்று சொல்லிப் பார்த்தார். சுத்தமாக வந்தது. முகத்தில் ரத்தம் திரும்பியது.

"என்ன குடுக்கணும்?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம் மாமா. நாளைக்கு நான் வரிசையோட வருவேன். முடியாதுன்னா இதே பல்லாலதான் நீங்க சொல்லணும். நல்லா அழுத்திச் சொல்லுங்க, தாங்கும்."

கிழவர் மாம்பொங் வரும் வரை வாயைத் திறக்கவில்லை. பல் இருந்தும்.

சனிக்கிழமை. விடிகாலையில் மது ஊற்றும்போது ஒவ்வொரு பெயரும் கணீர் என்று விழுந்தது. ஏழு தலைமுறைப் பெண்களைக் கூப்பிட்டார். அஃப்ராக்கோமா அம்மாவைப் பொன்னிறத் துணி விரித்த கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். வெயில் ஏறியது. என் நாற்காலி அத்தனையும் நிறைந்துவிட்டது. பாதிரியார் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இப்போது மருமகன் வரிசை!" என்றார் மைக்காரர். தெருக்கோடியில் பாண்டு வாத்தியம் முழங்கியது. சார்ப்பொங் பெரிய ஆள் என்று காட்டிக்கொள்வதில் கெட்டிக்காரர்; சொந்தக்காரப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் தலையில் தாம்பாளத்தோடு ஆடி அசைந்து வர ஏற்பாடு செய்திருந்தார்.

ஆனால் அவர்களுக்கு முன்னால், இரண்டு பந்தலுக்கும் நடுவே இருந்த ஒரே வழியில், அச்சியா வந்துகொண்டிருந்தாள். கறுப்பும் சிவப்புமான துணி, வெறுங்கால். தலையில் பித்தளைத் தாம்பாளம், அதில் கோடித் துணி மலைபோல். பின்னால் கிளினிக்கில் வேலை செய்கிற இரண்டு நர்சுகள், ஒருத்தி தலையில் தலையணை, ஒருத்தி தலையில் போர்வை. வாத்தியம் கிடையாது. நேரே வந்து குடும்பத்தார் வரிசைக்கு முன்னால் நின்றாள்.

மைக்காரர் குழம்பிப்போனார். "இது... யார் வரிசை?"

"அஃப்ராக்கோமாவோட மூத்த பொண்ணு வரிசை."

"மருமகன் பேரு?"

"கிடையாது."

துமாசி எழுந்தார். மைக்கை வாங்கினார். அக்காள் மகளைப் பார்த்தார். "முடியாது" என்றார். அந்த 'டி' இருக்கிறதே, கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது.

அச்சியா தலையை அசைக்காமல் புன்னகைத்தாள். "பல் நல்லா உக்காந்திருக்கு மாமா" என்றாள்.

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு ஓடியது. அவள் நகரவில்லை. அவள் நகராவிட்டால் சார்ப்பொங்கின் ஊர்வலம் நுழைய முடியாது. மூத்தவள் சுமை தலையில் இருக்கும்போது இளையவள் சுமையை இறக்கவும் கூடாது. சுமந்து வந்தவள் தானே இறக்கி வைக்கவும் முடியாது. குடும்பத்தின் கைதான் இறக்க வேண்டும். பாண்டு ஒரே பாட்டை மறுபடி மறுபடி ஊதியது. ஊதுகிறவன் கன்னம் வீங்கிப்போயிற்று. சார்ப்பொங் ஓடி வந்தார்.

"மாமா, எங்க அக்காமாருக்குக் கழுத்து ஒடியுது! எதாவது பண்ணுங்க!"

"ஏ அச்சியா," என்றார் கிழவர், மைக்கை மூடிக்கொண்டு. ஆனால் முன்வரிசையில் இருந்த எங்களுக்குக் கேட்டது. "ஒரு ஆம்பிளைப் பேரு சொல்லும்மா. எந்தப் பேரானாலும் சரி. அடுத்த நிமிஷம் இறக்கறேன்."

போவாடு எங்கேயோ பின்னாலிருந்து கை தூக்கினார். பாவம்.

"மாமா," என்றாள் அச்சியா. அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வேர்வை காதோரம் வழிந்தது. துடைக்கக் கை இல்லை; இரண்டு கையும் தாம்பாளத்தில். "நீங்க உக்காந்திருக்கற இந்தத் தலைவர் இடம் யார் வழியா உங்களுக்கு வந்தது? உங்க அப்பா வழியாவா?"

"எங்கம்மா வழியா."

"நான் இந்தக் குடும்பம் ஆனது?"

"உங்கம்மா வழியா."

"இந்த வீடு, அந்தக் கோகோத் தோட்டம்?"

கிழவர் மைக்கைக் கை மாற்றிப் பிடித்தார்.

"காலையில மது ஊத்தி நீங்க கூப்பிட்டதெல்லாம் பொம்பிளைங்க பேரு. பிள்ளை அம்மாவோடது, நிலம் அம்மாவோடது, உங்க பதவியும் அம்மாவோடது. ஒரு தலையணைக்கு மட்டும் ஆம்பிளை வேணுமா?"

யாரோ ஒரு கிழவி நாற்காலியைத் தட்டினாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் தட்டினால் பெரிய சத்தம் வராது. ஆனால் இன்னொருத்தி தட்டினாள். அப்புறம் பெண்கள் பக்கம் முழுவதும் தட்ட ஆரம்பித்துவிட்டது. என் நாற்காலிகள்! உடைந்தால் உடையட்டும் என்று இருந்துவிட்டேன்.

கிழவர் கட்டில் பக்கம் திரும்பினார். அக்காளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். என்ன நினைத்தாரோ எனக்குத் தெரியாது. கூடப் பிறந்தவள் செத்துக் கிடக்கையில் மனுஷனுக்கு என்னென்னவோ தோன்றும். பிறகு மைக்கை மைக்காரரிடம் கொடுத்து, கைத்தடியை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு அக்காள் மகளிடம் நடந்து வந்தார். தாம்பாளத்துக்குக் கை எட்டவில்லை. அவள் குனியவில்லை. கிழவர் நுனிக்காலில் எம்பி இரண்டு கையாலும் பிடித்தார்.

"கழுத்து வலிக்கலையா?"

"உயிர் போகுது மாமா. பாத்து இறக்குங்க."

இறக்கினார். குடும்பத்துப் பெண்கள் ஓடிவந்து வாங்கிக்கொண்டார்கள். அச்சியா அப்போதுதான் அழுதாள். அம்மா இறந்த நாளிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. கிழவர் ஒரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மைக்காரர் பக்கத்தில் வந்து, "பெரியவரே, என்ன பேரு சொல்லட்டும்?" என்று கிசுகிசுத்தார்.

துமாசி மைக்கைப் பிடுங்கினார். "மருமகன் இல்லை," என்றார். "எங்க அக்கா ஊர்க்குழாயடியில ஒண்ணு சொன்னா. என் பொண்ணுக்குத் தலை இருக்கு, அவளே தூக்கிட்டு வருவான்னா. எல்லாரும் பாத்துக்குங்க. அஃப்ராக்கோமா மகள் அச்சியா கொண்டு வந்த கோடித் துணி!"

அந்தத் துணியைத்தான் முதலில் போர்த்தினார்கள். சார்ப்பொங்கின் பத்துப் பதினைந்து தாம்பாளமும் அதற்கு மேல்தான்.

மறுநாள் ஞாயிறு, நன்றி சொல்லும் கூட்டம். சர்ச்சிலிருந்து வந்து எல்லாரும் அதே பந்தலில் உட்கார்ந்தார்கள். அச்சியாவுக்குக் கழுத்து ஒரு பக்கமும் திரும்பவில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்பு முழுவதையும் திருப்பிப் பார்த்தாள். யார் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்று மைக்காரர் படித்துக்கொண்டிருந்தார். என் போன் அடித்தது. இத்தாலி. எடுக்கவில்லை. எழுந்து மைக்காரரிடம் போனேன்.

"எங்கம்மா இழவுக்கும் நீதானே மைக்?"

"ஆமாக்கா. அது ஆச்சே ரொம்ப வருஷம்."

"அதுல ஒரு தப்பு இருக்கு. இத்தாலி மருமகன்னு சொன்னே. துணி எடுத்தது மான்சா, தாம்பாளம் வாங்கினது மான்சா. இப்ப சொல்லு."

"ஐயோ, இது வேற வீட்டுக் கூட்டம் அக்கா. இங்க எப்படிச் சொல்றது?"

"அப்ப மைக்கைக் குடு, நானே சொல்றேன்."

அவர் கொடுக்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்ததும் என் நாற்காலிதான் என்று ஞாபகப்படுத்தினேன். எழுந்து நின்று கொடுத்தார்.